சில்லென்றிருந்த ஹீட்சிங்க்

இருபத்திரண்டு வருஷமாகக் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். இதில் திட்டு வாங்கப்போகிற ஆள் நான்தான். எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

கல்வராயன் மலையில் ஒரு தனியார் இ-சேவை மையம். இருப்பது ஒரே கம்ப்யூட்டர். ஆபரேட்டர் அலமேலு, அந்த மலைக்காரப் பெண், பன்னிரண்டாவது முடித்தவள். சாதிச் சான்று, வருமானச் சான்று என்று சுற்றுப்பட்டு சனமெல்லாம் அவளிடம்தான் வரும். அந்த வேலை இல்லையென்றால் புருஷன், இரண்டு பிள்ளைகளோடு கேரளா பக்கம் கூலிக்குப் போகவேண்டும். பிள்ளைகள் படிப்பு அத்தோடு சரி.

அந்த மிஷினில் ஃபேன் நின்றுவிட்டது என்று மேலே போனேன். சிப்பின் சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் அலுமினியக் கட்டியான பழைய ஹீட்சிங்க்கைக் கழற்றி, சிப் மேல் காய்ந்திருந்த பேஸ்ட்டைத் துடைத்து, சூட்டை மேலே கடத்தும் புது பேஸ்ட் வைத்து, ஃபேனோடு புது ஹீட்சிங்க்கை மாட்டினேன். பேஸ்ட்டைச் சட்னி மாதிரி அப்புகிறவன்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒரு மிளகு அளவு போதும். அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதை விட்டால் அன்றைக்குக் கீழே இறங்க வேறு பஸ் கிடையாது. அவசர அவசரமாக, ஹீட்சிங்க்கைப் பிடித்து நிறுத்தும் நாலு பின்னையும் அழுத்திவிட்டு ஓடினேன்.

பத்து நாளில் அலமேலு போன் செய்தாள். ஸ்கேன் போட்டால் மிஷின் தானாக நின்றுவிடுகிறதாம். தூசி இருக்கும், துடையுங்கள் என்றேன். மறுபடி செய்தாள். மலையில் கரெண்ட் அப்படித்தான் என்றேன். மூன்றாவது தடவை அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், நின்ன உடனே பக்கத்து மூடிய கழட்டி, நீங்க மாட்டுனீங்களே அந்த அலுமினியக் கட்டி, அத தொட்டுப் பார்த்தேன். சில்லுன்னு கீது சார். நிக்கிற வரைக்கும் ஃபேனு நல்லாத்தான் சுத்திக்கினு இருந்துச்சு."

"யாரும்மா உன்ன தொறக்கச் சொன்னது? தெரியாத வேலையில கை வெச்சா இப்படித்தான் ஆவும்."

அதே நாள் மையத்துக்காரர் என்னைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். அந்த அம்மா உள்ளே கை வைத்திருக்கிறாள், அதுதான் கோளாறு என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்.

அவள் போன பிறகும் மிஷின் நின்றுகொண்டேதான் இருந்தது. வேறு வழியில்லாமல் மறுபடி மலையேறினேன். வழியெல்லாம் அவளைத்தான் மனசுக்குள் திட்டினேன். போய் ஹீட்சிங்க்கைக் கழற்றித் திருப்பினால், அடியில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள். புது ஹீட்சிங்க்கில் கீறல் விழாமல் இருக்கக் கம்பெனி ஒட்டி அனுப்புவது. மாட்டும் முன் உரிக்கவேண்டும். உரிக்காமல் பேஸ்ட் மேல் வைத்து அழுத்தியிருக்கிறேன்.

சிப் கொதிக்கிறது. தாள் தடுப்பதால் சூடு மேலே ஏறவில்லை. அதனால்தான் ஹீட்சிங்க் சில்லென்று இருந்தது. கோளாறு எங்கே என்று அந்தப் பெண் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல் போதும், எந்த சர்வீஸ்காரனுக்கும் புரிந்திருக்கவேண்டும். எனக்குக் காது இருந்தும் கேட்கவில்லை. என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருந்தது.

மையத்துக்காரர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். தாளை உரித்துச் சட்டைப்பையில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பாதி உரித்தும்விட்டேன். மறைக்கப் பார்க்கிறேனே என்று அவமானமாக இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நீ சொன்னதாலதானப்பா அவள நிறுத்துனேன். இப்ப வந்து தப்பு ஒம்மேலன்ற. சனங்கிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

அவர் மேலும் எனக்குக் கோபம்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? ஆனால் அவரைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சர்வீஸ் ரிப்போர்ட்டில் "தவறு சர்வீஸ் செய்தவருடையது, ஆபரேட்டர் மேல் குற்றமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அலமேலுவை வரச் சொல்லுங்கள், அவள் வராமல் இதை மாட்டமாட்டேன் என்றேன். வாசலில் சான்றுக்கு வந்த சனம் காத்திருந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே போன் போட்டார். அதற்குள் பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது.

மரவள்ளிக் காட்டில் கூலி வேலையிலிருந்து மண் கையோடு வந்தாள் அலமேலு. காத்திருந்தவர்கள் முன்னாலேயே தாளைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார் மையத்துக்காரர். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"நான் சொன்னப்ப ஏன் சார் நம்பல?"

பதில் எனக்குத் தெரியும். இதையே மையத்துக்காரர் சொல்லியிருந்தால் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து திறந்து பார்த்திருப்பேன். சொன்னது மலைக்காரப் பெண், அதனால் கேட்கவில்லை. இதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

கை கழுவிவிட்டு வந்து, "மாட்டுங்க, பார்க்கறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். சிப்பைத் துடைத்தேன், மிளகு அளவு பேஸ்ட் வைத்தேன், நாலு பின்னையும் எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டாள், சொன்னேன். ஸ்கேன் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

தாளை உரி என்று எந்தக் கத்துக்குட்டியும் உங்களுக்குச் சொல்வான். நான் சொல்வது வேறு. அந்த மிஷினோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர் சொல்வதை முதலில் கேளுங்கள். கேட்காமல் நான் அவளைக் காட்டுக்கு அனுப்பினேன்.

அன்றிரவு மையத்திலேயே படுத்து, மறுநாள் காலை பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது அவள் என் பையைப் பார்த்தாள்.

"அந்த பேஸ்ட் ட்யூப வெச்சிட்டுப் போங்க சார். இனிமே நானே பார்த்துக்கறேன்."

வைத்துவிட்டு வந்தேன். அந்த மையத்திலிருந்து அதற்குப் பிறகு எனக்கு ஒரு போன்கூட வந்ததில்லை.