'இன்னா' என்று பெயர் வைத்தது நான்

அறிக்கையின் அட்டை வழவழவென்று இருந்தது. அதில் எங்கள் பிரிவுத் தலைவரின் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் நான் எழுதியது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று அட்டையை இரண்டு முறை புரட்டிப் பார்த்த அசடு நான்.

ஒலியைவிட ஐந்து மடங்குக்கும் மேல் வேகமாகப் பறக்கும் விமானத்தைக் கட்டுப்படுத்துவது எங்கள் வேலை. அந்த வேகத்தில் அதன் உடல் சூடேறி லேசாக வளையும், காற்று திடீரென்று உதைக்கும். காகிதத்தில் போட்ட சமன்பாடு ஆகாயத்தில் அப்படியே பலிக்காது. கணக்கில் அடங்காத அந்த விசையைப் பறக்கும்போதே கற்று ஊகித்து, வால் இறக்கையைத் திருத்தும் நியூரல் நெட்வொர்க் என்ற கணினி நிரலை, விடுப்பில் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தபோதுதான் எழுதி முடித்தேன். சாமை காயவைத்துக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்தார். இந்தத் தெரியாத விசைக்கு ஒரு பெயர் வேண்டும் என்றேன். "தெரியாததுக்குப் போய் இன்னா பேரு வெப்ப?" என்றார். தெரியாத விசைக்கு 'இன்னா' என்றே வைத்தேன். ஆங்கிலத்தில் ஐ, என், என், ஏ.

ஆய்வுக் கூட்டத்தில் தலைவர் முழங்கினார். நான் ஓரமாக நின்று திரையில் படங்களை மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியை, "இந்த நாலு எழுத்து என்னங்க?" என்று கேட்டார். தலைவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "இன்டெலிஜென்ட் நான்லீனியர் நியூரல் அடாப்டேஷன். நானே வெச்ச பேரு" என்றார்.

வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். "அது சுருக்கம் இல்லீங்க மேடம். எங்க மலையில 'என்ன'ன்றத 'இன்னா'ம்போம். எங்கப்பா கேட்டாரு, நான் வெச்சேன்."

யாரோ சிரித்தார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. என்னை முன்னால் கூப்பிட்டு, நெட்வொர்க் தப்பாகக் கற்றுக்கொண்டால் விமானம் என்ன ஆகும் என்று கேட்டார். அது கைமீறிப் போகாமல் நான் போட்டிருந்த எல்லையை விளக்கினேன். தலைவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். அந்தக் காட்சியை இன்றும் ஆசை தீர நினைத்துப் பார்ப்பேன். பாவம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அறிக்கையை என் பெயரோடு மறுபடி அச்சிட்டார்கள், அவர் பெயருக்குக் கீழே. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இப்போது அவர் ஓய்வு பெறுகிறார். போன வாரம் நான் மலையில் இருந்தபோது போன் செய்தார். சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று பேசினேன். "வழியனுப்பு விழாவுல நீதாம்மா பேசணும். நம்ம கண்டுபிடிப்பப் பத்திச் சொல்லு" என்றார். 'நம்ம' என்று கூசாமல் சொன்னார்.

"வர்றேங்க சார்" என்றேன். பேச்சை எழுதி முடித்துவிட்டேன். இப்போது நீங்கள் படித்ததுதான் அது.