வேம்பாருக்குப் போன பித்தளை இடுக்கி

விடியற்காலை நாலரை. ஆமத்தூர் வீட்டுக் கூடத்தில் வேட்டியை விரித்து, கடலுக்கான சாமான்களைப் பரப்பியிருந்தாள் என் மனைவி முத்துலட்சுமி: நாலு துண்டாகக் கழலும் கோல், நரம்புச் சுருள், தொப்பிகள், தண்ணீர், ஒரு டப்பா பொய்மீன். இறகுத் தூண்டிலில் இரை கிடையாது. முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்மீனை வீசி நிஜ மீனை ஏமாற்ற வேண்டும்.

அவளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. சேவல் இறகையும், நான் பிழை திருத்தும் காலண்டர் அச்சகத்தில் கழித்த வெள்ளித் தாளையும் வைத்து, நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கட்டியவை இவை. போன தடவை கடையில் வாங்கியதைக் கொண்டுபோய் வெறுங்கையோடு திரும்பினோம். வள்ளக்காரர் ராயப்பன் சிரித்த சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

“இன்னைக்கும் படலன்னா கோலை வித்துருங்க” என்றாள்.

கம்பெனி வாசலில் தினமும் அவளைச் சோதிப்பார்கள். அதேபோல் என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டாள். சாமான் பையைத் தோளில் போட்டேன், இலேசாக இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஐந்தே கால். அருப்புக்கோட்டையில் டீ இரண்டு, இருபத்து நாலு ரூபாய். அப்புறம் பந்தல்குடி, நாகலாபுரம், விளாத்திகுளம். கரிசல் முடிய உடைமரம், உடைமரம் முடிய உப்பளம். வெள்ளை வெள்ளையாகக் குவிந்த வெளிச்சத்துக்கு அப்பால் கடல், யாரையும் எதிர்பாராமல்.

ஏழு மணி. வேம்பார். வீட்டிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வள்ளத்துக்கு அறுநூறு ரூபாய்.

“வாங்க அண்ணாச்சி. இப்பவும் கோழி றெக்கைதானா? ரெண்டு எறா வாங்கியாந்திருக்கலாம்லா?” என்றார் ராயப்பன்.

“எறாவ நீங்க கொளம்பு வைங்க” என்றாள் முத்துலட்சுமி. கோல் அவள் கையில் இருந்தது.

ஒன்பது மணி வரை முகத்துவாரத்தில் காற்று மட்டும் கடித்தது. ராயப்பன் பீடியைப் பற்றவைத்தார். அவள் தன்னையறியாமல் இரண்டடி விலகி உட்கார்ந்தாள். அடுத்த வீச்சில் நரம்பு விறைத்தது. கோல் வளைந்து, தண்ணீர் உடைந்து, வெள்ளியாய் ஒரு கொடுவா மீன் வள்ளத்துக்குள் விழுந்தது. முள் தொண்டையில் ஆழ இறங்கியிருந்தது.

“குறடு எங்க?” என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. “இரும்பைப் பூரா வெளிய எடுத்து வச்சுட்டேங்க. குறடு, கத்தி, எல்லாம். கைப்பழக்கம்.”

பொறி பறக்குமென்று அவள் கம்பெனிக்குள் இரும்புக் கருவியை விடமாட்டார்கள்.

“கடல்ல என்ன தாயி வெடிக்கப் போவுது?” ராயப்பனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தம் குறட்டை எடுத்தார். உப்பு தின்ற குறடு, வாயைத் திறக்க மறுத்தது. “நரம்ப அறுத்துருவோம்.”

“அறுக்காதீக. அது நான் கட்டுனது.” சோற்றுப் பையைத் துழாவினாள். விருதுநகர்ப் பாத்திரக்கடையில் வாங்கிய பித்தளை இடுக்கி. தொண்டைக்குள் விட்டு, திரியை முறுக்குகிற லாகவத்தில் ஒரு திருப்பு. முள் வெளியே வந்தது, இறகு கசங்காமல்.

ராயப்பன் இடுக்கியை வாங்கி உப்புத் தண்ணீரில் அலசிப் பார்த்தார். “முள்ளும் இரும்புதானே, அத எப்படி விட்டீக?”

“றெக்கைக்குள்ள ஒளிஞ்சு வந்துருச்சு.”

இந்த முறை மூவரும் சிரித்தோம். “அந்தப் பொய்மீனு எனக்கொண்ணு கட்டித் தாங்க” என்றார், குரலைத் தாழ்த்தி.

மறுநாள் காலை ஆறரை. ஆமத்தூர் விலக்கில் கம்பெனி வேன் நின்றது. முத்துலட்சுமி ஏறுவதற்குள் உள்ளிருந்து ஒருத்தி, “எம்புட்டுப் பெருசுக்கா?” என்றாள். வேன் திரும்பி மறையும் வரை ஜன்னலில் முத்துலட்சுமியின் இரண்டு கைகளும் தெரிந்தன. நான் பார்த்த மீனைவிட ஒரு சாண் அதிகமாகவே விரிந்திருந்தன. திருத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.