அண்ணே என்றதற்கு ஓர் அடி

இன்று காலை ஆரப்பாளையம் போகும் வழியில் போலீஸ்காரர் ஒருவர் எங்கள் பைக்கை மறித்தார். ஓட்டிய சரவணன் என் நண்பன், தையல்காரன். ஹெல்மெட் போட்டிருந்தான். சொன்னதும் நிறுத்தினான்.

"அண்ணே, ஆர்.சி. புக்கு சீட்டுக்கு அடியில இருக்கு, எடுத்துத் தாரேன்."

லத்தி அவன் வலது மணிக்கட்டில் இறங்கியது.

"யாருடா ஒனக்கு அண்ணன்? சார்னு சொன்னா வாய் வலிக்குமோ?"

மதுரையில் டீ மாஸ்டரும் அண்ணன், கவுன்சிலரும் அண்ணன். பழகிய வாய்க்கு அடியா?

கத்தரி பிடிக்கிற கை கண்ணெதிரே வீங்கியது. நாளை மறுநாள் கல்யாணத்துக்குத் தைத்துத் தர வேண்டிய துணி கடையில் வெட்டாமல் கிடக்கிறது.

அதன்பிறகுதான் ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, கெளம்பு தம்பி" என்றார்.

அவர் அண்ணன் கிடையாதாம், இவன் மட்டும் தம்பியாம். இது எந்த ஊர் முறை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.