ஒரு வாளி வெந்நீர்

எனக்கும் அவருக்கும் பழக்கம் எருக்குழியில் ஆரம்பித்தது. சொன்னால் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பும் மாடுகளும் உண்டு. பீர்மேட்டில் ஏலக்காடு வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் லாரி கொண்டுவந்து காய்ந்த சாணியை வாரிப் போவார்கள். அப்படி வந்தவர்களில் அவர் ஒருவர்தான் எருவைக் கையில் அள்ளிப் பொடித்துப் பார்த்து, "இதுல மண்ணு கலக்கலியே?" என்று என்னிடமே கேட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். "மண்ணு வேணும்னாச் சொல்லுங்க, தனியாத் தர்றனுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அடுத்த முறை லாரியை மட்டும் அனுப்பியிருந்தால் போதும், ஆனால் அவரும் ஏறி வந்தார்.

அவர் கிறிஸ்தவர், தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வீடும், கையகல ஏலக்காடும் வைத்திருந்தார். மனைவி நோயில் கிடந்து இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. நானும் புருஷனை இழந்தவள். சாயங்காலங்களில் போனில் பேச ஆரம்பித்தோம். ஏலக்காய் விலை, மாட்டுக் காம்பில் புண், அவருடைய முழங்கால் என்று ஒன்றுமில்லாத பேச்சுதான். வருஷக்கணக்காகத் தனியாக உட்கார்ந்து சோறு தின்றவளிடம் ஒருவர் "சாப்ட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது சாதாரண விஷயமில்லை. எனக்கு அவர் வேண்டும் என்று இருந்தது. ஐம்பத்தாறு வயதில் அப்படி இருந்தது வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் விட மனசில்லை.

என் மகன் கோயமுத்தூரில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னபோது, "உங்க இஷ்டமுங்கம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அவனை நான் சமாளித்துக்கொள்வேன். சமாளிக்க முடியாதது அவருடைய மகள். கல்யாணமாகிப் பக்கத்து எஸ்டேட்டில் இருந்தாள், ஒரே பெண். "அவ சரின்னாத்தான் நான் சரி. அவ வேண்டாம்னா இதோட விட்டுருவோம்" என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். அவள் ஒரு வருஷமாகச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிறகு நவம்பர் பிறப்பதற்கு முன்னால் அப்பாவிடம் சொன்னாளாம்: "கல்லறைத் திருநாளுக்கு அவங்களக் கூட்டிட்டு வாங்க. அம்மாகிட்டக் காட்டிட்டு, வீட்டுக்கு வந்து பேசி முடிப்போம்."

அன்றைக்குத்தான் முடிவு என்று தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமே கிடையாது. போகிற ஆண்களும் குளிக்காமல் வாசல் ஏற மாட்டார்கள்.

"ஏனுங்க, போறதுக்கு எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா போய்ட்டு வந்தாத் தலைக்கு ஊத்தாம நான் ஊட்டுக்குள்ள கால் வெக்க மாட்டனுங்க" என்று போனில் சொன்னேன்.

"கல்லறத் தோட்டம் வேற, சுடுகாடு வேற."

"செத்தவங்க இருக்கற எடந்தானுங்களே?"

"சரி, அதுக்கென்ன. நானே வெந்நி போட்டுத் தாரேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மகளிடமும் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பொள்ளாச்சி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறிப் பீர்மேட்டில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டம் தேயிலைச் சரிவுக்கு நடுவில் இருந்தது. வீட்டுக்கு வீடு வந்து, புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்திப் பூவை உதிர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய மகள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அம்மாவின் கல்லறையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. ஆனால் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தபோது என் கையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்தாள். காற்றில் அது அணைந்து அணைந்து போனது. மூன்றாவது தடவை அவளே தன் கைகளை என் கையைச் சுற்றிக் குவித்துக்கொண்டாள். சுடர் நின்றது. நான் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். முடிந்தது, இவள் சரி சொல்லிவிடுவாள் என்று அப்போது எனக்கு அத்தனை நிச்சயமாக இருந்தது.

அவள் தன் புருஷன் வீட்டாரோடு பேசிவிட்டுப் பின்னால் வருவதாகச் சொன்னாள். நாங்கள் இருவரும் முதலில் வீட்டுக்கு வந்தோம். அவர் சொன்ன சொல் மாறாமல் அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கி, வாளியில் ஊற்றி, ஊற்றுத் தண்ணீர் கலந்து, கையை விட்டுச் சூடு பார்த்து, வீட்டுக்குப் பின்னால் மறைப்புக்குள் கொண்டுபோய் வைத்தார். இந்த மனுஷனுக்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பஸ் மாறி வரலாம் என்று நினைத்துக்கொண்டே தலைக்கு ஊற்றினேன். மாற்றுச் சேலை கட்டி, தலையில் துண்டோடு முன்பக்கம் வந்தபோது அவள் வாசலில் நின்றாள்.

"இந்தக் குளிருல எதுக்குக் குளிச்சீங்க?"

மழுப்பியிருக்கலாம். எனக்கு அது வராது. "சுடுகாட்டுக்குப் போய்ட்டு வந்தாக் குளிச்சுட்டுத்தான் அம்மணி உள்ள வரோணும். எங்கூருப் பழக்கம்" என்றேன்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். குரல் மட்டும் உயரவில்லை.

"அப்ப எங்கம்மா உங்களுக்குத் தீட்டு."

"அப்படி இல்ல அம்மணி..."

"எங்கம்மாவுக்கு மெழுகுவத்தி புடிச்ச கையத்தான் இப்பக் கழுவிட்டு வந்துருக்கீங்க."

நான் அவரைப் பார்த்தேன். நான்தான் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முன்னமே தெரியும், நான்தான் உன்னிடம் சொல்லவில்லை என்று சொன்னால் இன்னும் நல்லது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் மேல் இருந்த பயம் அவர் வாயைக் கட்டிவிட்டது. அந்த நிமிஷம் மகளைவிட அவர் மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. பையை எடுத்துக்கொண்டு குமுளி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றுகூட இருந்தது. பிடித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அது மூன்று பேருக்கும் தெரியும்.

"எம்பட ஊட்டுக்காரரு செத்துப்போனப்ப என்னயச் சுடுகாட்டுக்குக் கூட்டிட்டுப் போவுலீங்க" என்றேன் அவளிடம். "வாசல்லயே உக்கார வெச்சுத் தண்ணி ஊத்துனாங்க. அவர எங்க வெச்சாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. போயி நிக்கறதுக்கு ஒரு எடமில்ல. இன்னிக்கு உங்கம்மாகிட்ட நின்னதுதான் மொதத் தடவ. தீட்டுன்னு நெனச்சிருந்தா வந்தே இருக்க மாட்டேன்."

"அப்ப எதுக்குக் குளிச்சீங்க?"

"எங்கம்மா செஞ்சாங்க, நானும் செய்யறனுங்க" என்றேன். இத்தனை வயதில் அதை ஒருத்தி முன்னால் சொல்லிப் பார்த்தால் அது ஒரு காரணமாகவே நிற்கவில்லை.

அவள் செருப்பை மாட்டினாள். "திரும்ப வாங்க, இப்பவே. அம்மாகிட்டப் போயிட்டு வந்து நேரா உள்ள வாங்க. வர முடியும்னா பேசுவோம். முடியாதுன்னா சொல்லிருங்க, பஸ் இருக்கு."

அவரும் கிளம்பினார். "நீங்க வேண்டாம்ப்பா, இருங்க" என்றாள்.

இருவரும் நடந்தோம். பனிமூட்டம் இறங்கி எதிரே வருகிறவர்கள் முகம் தெரியவில்லை. கல்லறையில் எங்கள் மெழுகுவர்த்தி உருகிக் கல்லோடு ஒட்டியிருந்தது. அவள் முழங்காலிட்டு ஜெபம் சொன்னாள். எனக்கு ஜெபம் தெரியாது. குனிந்து கல்லில் கையை வைத்தேன், சில்லென்றிருந்தது. உங்க ஊட்டுக்காரரத்தான் கேக்கறனுங்க, கோவிச்சுக்காதீங்க என்று மனசுக்குள் சொன்னேன். கல்லறைச் சேறு கையிலும் காலிலும் அடிச்சேலையிலும் அப்பியிருந்தது.

திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். நாங்கள் படி ஏறுவதற்கு முன்னாலேயே மகளிடம், "வெந்நி போட்டுக் குடுத்தது நான்தான். அவ முன்னமே சொல்லிட்டா. உங்கிட்டச் சொல்லப் பயந்துட்டேன்" என்றார்.

"தெரியும்பா" என்றாள் அவள். "வந்ததும் உள்ள பார்த்தேன், அடுப்படியில வெந்நிச் சட்டி ஈரமா இருந்துச்சே. நீங்க எப்பச் சொல்லுதீங்கன்னு பார்த்தேன்."

அவள் உள்ளே போய் நின்று என்னைப் பார்த்தாள். நான் வாசலில் நின்றேன். ஒரு சொம்புத் தண்ணீராவது காலில் ஊற்றிக்கொள்ளலாமா என்று கண் தானாகத் தேடியது. எங்கள் அம்மா பின்னால் நின்று தலைமயிரைப் பிடித்து இழுப்பது போல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு காலை எடுத்து வைத்தேன். சேற்றுத் தடம் அவர்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் பதிந்தது.

"உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். "கோயில்ல சாமியாரு ஒத்துக்க மாட்டாரு. ரிஜிஸ்டர் ஆபீசுல வச்சுக்கங்க. நான் வந்து சாட்சி போடுதேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் பால் விடாத கட்டன்சாயா போடப் போனாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, முதலில் வந்தது அருவருப்புதான். எழுந்து போய்க் குளிக்கவேண்டும் என்று உடம்பெல்லாம் ஊறியது. கையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சேறு படிந்திருந்த அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மகள் சாயாவோடு வந்தாள். பார்த்தாள். அவர் கையை எடுக்கவில்லை.