பாம்புச்செவிக்காரரும் இரண்டு ஸ்டெப்னியும்

பட்டறைக்காரருக்குப் பாம்புச்செவி என்று பட்டப்பெயர். கியர்பெட்டிக்குள் எறும்பு தும்மினால்கூட, அது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவாராம். அதெல்லாம் பழைய கதை. சம்மட்டிச் சத்தத்திலேயே ஆயுசைக் கழித்த காது இப்போது சுத்தமாக அவுட். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார். மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் பட்டறையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

காரின் எலும்புக்கூடான சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். நல்ல இரும்பு கணீர் என்னும். விரிசல் இருந்தால் பொத் என்னும். இப்போதெல்லாம் அவர் தட்டுவார், அடுக்களை ஜன்னலில் அவள் கேட்பாள். விரிசல் என்றால் காதுத்தோட்டைத் தொடுவாள்.

அவளுடைய அண்ணன் ஒரு கிழட்டுக் காரோடு வந்து நின்றார்.

"வண்டி மூக்குக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணா ஸ்டெப்னி நிக்கணும் மாப்ள. இப்பப் பாருங்க, காதில்லாத யானை மாதிரி இருக்கு."

"உங்க ஒருத்தர் வெயிட்டுக்கே சேஸிஸ் முனகுது மச்சான். இதுல ரெண்டு சக்கரம் வேறயா?"

"அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்? கெட்டிப்படுத்திக் குடுங்க."

சேஸிஸின் இரும்புச் சட்டத்தின் திறந்த வாய்க்குள் தகடு வைத்துப் பெட்டியாக மூடினார். தகட்டின் முனையை மீன்வாலாக வெட்டினார். நேராக வெட்டினால் பாரமெல்லாம் ஒரே கோட்டில் இறங்கிச் சட்டத்தை அறுத்துவிடும். கைவேலையில் ஒரு குறையும் இல்லை. சக்கரங்களை மாட்டி முடுக்கிவிட்டுத் தட்டினார்.

இடது பக்கம். ஜன்னலில் அவள் அசையவில்லை. வலது பக்கம், தகட்டுக்குச் சற்று அப்பால் தட்டி நிமிர்ந்தார். ஜன்னலில் அவள் முதுகுதான் தெரிந்தது. அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

"என்ன மாப்ள, பாம்பு என்ன சொல்லுது?" மச்சானின் உதடு சிரித்தது.

அவள் திரும்பும்வரை காத்திருக்கலாம். காத்திருந்தால் மச்சான் கண்டுபிடித்துவிடுவாரே.

"கணீர்னு இருக்கு. எடுங்க வண்டிய."

அவள் வாசலுக்கு ஓடி வந்தபோது தெருவில் புகைதான் மிச்சம். கை தோட்டில் இருந்தது.

தெருக்கோடி இறக்கத்தில், பழைய பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருந்த விரிசல் வாய் திறந்தது. சட்டம் முறிந்து, ஸ்டெப்னி முந்திக்கொண்டு உருள, கார் மதிலில் போய் மடிந்தது. மச்சானை வெளியே எடுக்கக் கடப்பாரை கேட்டு இந்தப் பட்டறைக்குத்தான் ஓடி வந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின், அழுது வற்றிய முகத்தோடு அவள் எதிரே நின்றாள். உதடு அசைந்தது.

"பொத்துன்னு கேட்டுச்சுங்க. பாலை இறக்கிட்டுத் திரும்பறதுக்குள்ள சொல்லிட்டீங்களே."

அவர் வாயெடுப்பதற்குள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குவதை வைத்து, இன்னும் ஏதோ பேசுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசாமல் இல்லை; முகத்தைக் காட்டித்தான் பேசுவதில்லை.