வைல்யா கணவாயில் சரியாத மண்

நிக்காசியோ யாப்புராவை எங்கள் மலைச்சாலையில் தெரியாதவர் கிடையாது. அவரோடு உட்கார்ந்து ஒரு கிண்ணம் சூப் குடித்தவரும் கிடையாது. வைல்யா கணவாயின் உச்சியில், ஒற்றை அறை வீட்டில், பதினாறு வருடம் வானிலை பார்த்தார். தினமும் மூன்று வேளை மழையையும் குளிரையும் அளந்து ரேடியோவில் சொல்வார். கூடவே சாலை எப்படி இருக்கிறது என்றும் சொல்வார். எங்கள் சாலை ஒரு லாரி அகலம்தான். ஒரு நாள் லாரிகள் இறங்க மட்டும், மறுநாள் ஏற மட்டும். நிக்காசியோ "மண் சரிஞ்சிருக்கு" என்றால் லாரிகள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். பாதிரியார் பேச்சைக்கூட நாங்கள் சந்தேகப்பட்டதுண்டு, அவர் பேச்சைச் சந்தேகப்பட்டதில்லை.

மனைவி இறந்த பிறகு அந்த வேலைக்கு வந்தவர். ஒரே மகன் தலைநகர் லிமாவில். மனிதர் சரியான கல்லுளிமங்கன்; ஒரு பதில் வாங்க வேண்டுமென்றால் முதலில் மெல்ல ஒரு கைப்பிடி கோக்கா இலை கொடுக்க வேண்டும்.

அப்படிப்பட்டவரைப் பேச வைத்தவள் டெல்ஃபினா. மலைக்குக் கீழே, எங்கள் சாலை முடிகிற படகுத்துறையிலிருந்து காட்டுக்குள் படகில் ஒன்றரை நாள் போகிற தூரத்தில் ஆற்றின் நீர்மட்டம் பார்க்கும் நிலையம் இருந்தது. அங்கே அவள் தனியாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஒரு மழைக்காலத்து மாலை, இருவரும் ரேடியோவில் கணக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு அவள் கேட்டாள்.

"மலைக்காரரே, பைத்தீத்தி உங்க பக்கமா, எங்க பக்கமா?"

இன்கா ராஜாக்கள் தங்கத்தோடு போய் ஒளிந்ததாகச் சொல்லும் நகரம் பைத்தீத்தி. மலையில் கேட்டால் மலையில் என்போம், காட்டில் கேட்டால் காட்டில் என்பார்கள்.

"எங்க பக்கந்தான். உங்க கொசுக்கடிக்குள்ள எந்த ராஜா வந்து உட்காருவான்?"

"உங்க குளிர்ல ராஜா விறைச்சே செத்திருப்பான். சரி, சண்டை எதுக்கு? ரெண்டு பேரும் ஆள் அனுப்பித் தேடிப் பார்ப்போமா?"

அன்றே திட்டம் போட்டார்கள், எல்லாம் கதையில்தான். அவருடைய கூட்டம் மலையிலிருந்து இறங்கும், அவளுடைய கூட்டம் ஆற்றில் ஏறும். இரண்டும் சந்திக்கிற இடம்தான் பைத்தீத்தி. எங்கள் ஊரில் இன்று என் வயலில் நீ உழைத்தால் நாளை உன் வயலில் நான். அதேபோல இன்று ஒருவர் முறை, நாளை மற்றவர் முறை. அடுத்தவர் ஆட்கள் எங்கே போகிறார்களோ அங்கே ஒரு தடை வைத்தே ஆக வேண்டும். தடை வைக்காதவர் தோற்றவர்.

ஒன்பது வருடம் ஓடியது. அவள் அவருடைய ஆட்களைச் சிறுத்தையிடம் மாட்டிவிட்டாள், பொய் வரைபடம் விற்றாள், ஒருவனைக் காதலிலும் தள்ளினாள். அவர் பாலத்தை அறுத்தார், மூடுபனியை இறக்கினார். எழுதி எழுதிப் பதினோரு நோட்டுகள் நிரம்பின. சந்திக்கும் இடம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. முடிந்துவிட்டால் மாலையில் பேச என்ன இருக்கிறது என்று அவருக்குப் பயம். தனிமை அவருக்குப் பழகித்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரல் இல்லாத தனிமை பழகவில்லை.

பிறகு தானாகவே அளக்கும் இயந்திரங்கள் வந்தன. அளக்க ஆள் வேண்டாம் என்று இரண்டு நிலையத்துக்கும் கடிதம் வந்தது. ரேடியோவைப் புதன்கிழமை கழற்றப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை மாலை டெல்ஃபினாவின் முறை. வழக்கமாகச் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பவள் அன்று சிரிக்கவில்லை.

"என் கூட்டத்துல எல்லாரும் திரும்பிட்டாங்க. ஒரு பொம்பளை மட்டும் பாக்கி. முட்டி வலிக்காரி. வெள்ளிக்கிழமை படகுத்துறைக்கு வந்துருவா. சனிக்கிழமை ஏத்த நாள்ல, லாரி ஏறி வைல்யா கணவாய்க்கு வர்றா. உங்களுக்குன்னு காய்ஞ்ச மீன் எடுத்துட்டு வர்றா. நீங்க சொல்லுங்க, அங்க எறங்கலாமா?"

அந்தப் பொம்பளை நீங்கதானா என்று கேட்க நிக்காசியோவுக்கு வாய் வரைக்கும் வந்தது. கிழவனுக்கு என்ன ஆசை, கதைதானே சொல்கிறாள் என்று விழுங்கிக்கொண்டார். வந்து சேர்ந்தாள் என்றால் கதை முடிந்தது. அது முடியாமலே மிச்சம் இருக்கட்டும் என்று ஒன்பது வருடப் பழக்கம் அவர் வாயைத் திறந்தது.

"எறங்க முடியாது. கணவாய்க்குக் கீழ மண் சரிஞ்சிருக்கு. லாரி வராது. அவங்க திரும்பிப் போறதுதான் நல்லது."

"புரிஞ்சுது, மலைக்காரரே," என்றாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை மாலை சிரிலோவின் லாரி மேலே வந்தது. அறையைக் காலி செய்து, மூட்டை கட்டி வாசலில் நின்றிருந்தார் நிக்காசியோ. அவரை ஊருக்கு அழைத்துப் போகத்தான் சிரிலோ நிறுத்தினான்.

"மாமா, படகுத்துறையில ஒரு அம்மா உங்களைக் கேட்டாங்க. வெள்ளிக்கிழமையே வந்து உட்கார்ந்திருக்காங்க. நொண்டி நொண்டி எங்கிட்ட வந்து, மண்ணை அள்ளி முடிச்சாச்சான்னாங்க. எந்த மண்ணு, ஒரு கூழாங்கல்லுகூட விழலையேன்னேன்."

"அதுக்கு?"

"'ஆளு எப்படி இருப்பாரு?'ன்னாங்க. குட்டையா, கொஞ்சம் கூன் போட்டு இருப்பாருன்னேன். 'நான் உசரமா நெனச்சிருந்தேன்'னு சொல்லிட்டு, கீழ போற படகுல ஏறிட்டாங்க. மக வீட்டுக்காம். அது எந்த ஊருன்னு நான் கேட்டுக்கல."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவர் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். லாரியின் பின்னால் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னிலையிலும் வாய்விட்டு அழுதார்.

"அது கதைடா, சிரிலோ. மண்ணு சரிஞ்சது கதையில."

சிரிலோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டான்.

"என்ன மாமா நீங்க! மண்ணு சரிஞ்சுதுன்னு நீங்க சொன்னா, இந்த ரோட்டுல எவன் அதைக் கதைன்னு நெனப்பான்?"