மாட்டுப்பொங்கலும் எங்க ராணியோட வயிறும்

இன்னைக்குக் காலையில ஆட்டுக் கொட்டிலைத் திறந்ததும் எனக்கு உசிரே போயிருச்சு!

எங்க ராணி (மாமியோட செல்ல ஆடு, நிறைசினை) எந்திரிக்கவே இல்ல.

எடது பக்க வயிறு வீங்கிப்போய்க் கெடக்கு. தட்டுனா தவில் மாதிரி சத்தம் வருது.

மாமி ஓடி வந்தாங்க. ராணியப் பாத்தாங்க. அப்புறம் என்னையப் பாத்தாங்க.

"எல்லாம் ஒன் எலையாலதான்டி!"

விஷயம் இதுதான். மிருக வைத்தியர் ஆபிஸ்ல நடந்த வகுப்புக்குப் போயிட்டு வந்ததுல இருந்து, வேலியில நிக்கிற கிளிரிசிடியா மரத்து எலைய வெட்டி, வாட வச்சு, பலா எலையோட கலந்து ஆடுங்களுக்குப் புல்லோட சேத்துக் குடுக்கிறேன். ஆடு நல்லா வளருமாம். அது ஏப்பம் விடுறப்ப வர்ற மீதேன் வாயுவும் கொறையுமாம். பூமி சூடாகிறதுக்கு அந்த வாயுவும் ஒரு காரணமாம்.

அன்னைக்கே மாமி கேட்டாங்க, "ஆடு ஏப்பம் விட்டா ஒனக்கு என்னடி நட்டம்?" (நியாயமான கேள்விதான்!)

இன்னைக்கு அந்தப் பகிடியெல்லாம் இல்ல.

"ராணிக்கும் வயித்துல இருக்கிற குட்டிக்கும் ஏதாச்சும் ஆச்சு, அந்த வேலிய அடியோட வெட்டிப் போட்டுருவேன்!"

ஓடிப்போய் அந்த மிருக டொக்டருக்கு போன்ல கோல் எடுத்தேன். வத்தேகமயில இருந்து பைக்ல வந்துக்கிட்டு இருக்கேன்னாரு.

"அது வரைக்கும் முன்னங்கால் ஒசரத்துல இருக்கிற மாதிரி பிடிச்சுக்குங்க. வயித்தத் தேச்சு விடுங்க. வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க."

வாசப்படியில முன்னங்கால் ரெண்டையும் தூக்கி வச்சு மாமி பிடிச்சுக்கிட்டாங்க. நான் தேய்க்கிறேன், தேய்க்கிறேன்... ஒண்ணும் நடக்கல!

ராணிக்கு மூச்சு வாங்குது. கண்ணு சொருகுது. மாமி அழ ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கும் அடக்க முடியல.

எங்க தோட்டத்து லயத்துல, வரிசை வீடுங்கள்ல இருக்கிற ஆளுங்க எல்லாம் கூடிட்டாங்க. டொக்டர் வந்து எறங்கினாரு (சிங்களவர், ஆனா நம்மள விட நல்லா தமிழ் கதைப்பாரு).

"நேத்து என்ன குடுத்தீங்க?"

"எல!" மாமி முந்திக்கிட்டாங்க.

"எல எப்ப இருந்து குடுக்கிறீங்க?"

"தீபாவளிக்கு முந்தி இருந்தே..." இது நான்.

"அவ்வளவு நாளா ஒண்ணும் ஆகலயே? நேத்து புதுசா என்ன குடுத்தீங்க?"



நேத்து மாட்டுப்பொங்கல்! எங்க லயத்துல மாடு கெடையாது. அதனால வருஷா வருஷம் ஆட்டுக்குத்தான் குளிப்பாட்டு, பொட்டு, மால, மரியாத எல்லாம்.

"ஒரே ஒரு உருண்ட சக்கரைப்பொங்கல்தான் டொக்டர்..." மாமி மெதுவா இழுத்தாங்க.

"நானும் ஒரு உருண்ட..." பக்கத்து வீட்டு அக்கா.

"நானும்..." "நாங்களும்..." லயத்துல ஒரு வீடு பாக்கியில்ல!

(நானும்தான். சினை ஆடாச்சேன்னு முந்திரிப்பருப்பு பாத்துப் பாத்து ஊட்டினேன்!)

டொக்டர் தலையில கைய வச்சுக்கிட்டாரு. "சோறும் சக்கரையும் வயித்துல புளிச்சு காத்து கட்டியிருக்கு."

மெல்லிசா ஒரு குழாய வாய் வழியா விட்டாரு. மருந்து குடுத்தாரு. "இனி ஏப்பம் விட்டா தப்பிச்சுக்கும்."

அம்புட்டுப் பேரும் ஆட்டு வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறோம்.

கதிர்காமத்துக்கு வர்றேன் முருகான்னு மனசுக்குள்ள நேந்துக்கிட்டேன்.

அப்ப விட்டுச்சு பாருங்க ஒரு ஏப்பம்! கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும்!

மாமி ரெண்டு கையையும் கூப்பி, "இன்னொண்ணு விடும்மா, என் தங்கமே!"

ராணியும் விட்டா. ஒண்ணு மாத்தி ஒண்ணு விட்டா!

ஏப்பத்தக் கொறைக்க எல வெட்டினவ நான். ஒரு ஏப்பத்துக்காக அழுது நேந்துக்கிட்டவளும் நான்!

சாயங்காலம் பாத்தா மாமி வேலிப் பக்கம் கத்தியோட நிக்கிறாங்க. வேலிய வெட்டத்தான் போறாங்கன்னு நெனச்சு ஓடினேன்.

"என்னடி முழிக்கிற? மத்த ஆடுங்களுக்கு எல வேணாமா?"

பூமித்தாயே, இன்னைக்குப் போன மீதேன மட்டும் கணக்குல சேத்துராத!